விழுதலின் இலக்கணம்: மாரியோ விளையாட்டை முன்வைத்துச் சில குறிப்புகள்

1

சில மாதங்களுக்கு முன்பு காஞ்சிபுரத்தில் பத்துப் பதினைந்து பேர் கூடிய ஒரு வாசிப்புக் கூட்டத்தில் பேச்சு எங்கெங்கோ சுற்றி வீடியோ கேமில் வந்து நின்றது. தோழர் ஒருவர், என்னைவிட இருபது வயது மூத்தவர், கறாராகச் சொன்னார்: "இளவரசியை மீட்கப் போற ஒருத்தன், வழியெல்லாம் காசு பொறுக்குறான், எதிர்ல வர்றதையெல்லாம் மிதிச்சுக் கொல்றான். இதுல ஆராய என்னங்க இருக்கு?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் உறுத்தத் தொடங்கியது.

தோழரின் வாசிப்பு தவறில்லை. அவர் குறிப்பிட்ட 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' 1985இல் ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனம் வெளியிட்டது. ஷிகெரு மியமோட்டோ தலைமையில் உருவானது. பெண் கடத்தப்படுகிறாள், நாயகன் புறப்படுகிறான், சோதனைகளைக் கடக்கிறான், மீட்கிறான். 1928இல் விளாதிமிர் ப்ராப் ருஷ்ய நாட்டார் கதைகளில் கண்ட வினைகளை வரிசையாக இதில் அடுக்கிக் காட்டிவிடலாம். பெண்ணுடல் பரிசுப்பொருளாக்கப்படுவதைப் பற்றியும், நூறு காசு சேர்த்தால் ஓர் உயிர் கிடைக்கும் பொருளாதாரத்தைப் பற்றியும் தாராளமாக எழுதலாம். எழுதவும் வேண்டும்.

ஆனால் எனக்குத் தெரிந்து யாரும் அந்த இளவரசிக்காக விளையாடியதில்லை. முதல் ஏழு கோட்டைகளின் முடிவிலும் இளவரசி வேறு கோட்டையில் இருக்கிறாள் என்று ஆங்கிலத்தில் ஒரு வாசகம் வரும். எங்கள் தெருவில் அதைப் படிக்கத் தெரிந்தவர் யாருமில்லை. படிக்காமலேதான் மறுநாளும் போனோம். இலக்கியத்தில் கதைச்சுருக்கத்தைத் தாண்டி வாசிக்க வேண்டும் என்று இத்தனை ஆண்டுகளாகச் சண்டை போட்டுவரும் நாம், விளையாட்டு என்றதும் கதைச்சுருக்கத்தைச் சொல்லிவிட்டு எழுந்துவிடுகிறோம். மேடைக்கு மேடை தாவிச் செல்லும் 'பிளாட்ஃபார்ம்' வகை விளையாட்டின் உருவம் தாவலிலும் விழுதலிலும் இருக்கிறது. இன்பமும் எரிச்சலும் அங்கிருந்துதான் வருகின்றன. அரசியலும் அங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

2

2001 அல்லது 2002 இருக்கும். பிள்ளையார்பாளையத்தில், எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி, ஒருவர் முன்னறையில் இரண்டு டிவி வைத்து 'டிவி கேம்' விட்டுக்கொண்டிருந்தார். மணிக்கு ஐந்து ரூபாய். கருவிகள் நிண்டெண்டோவின் 'ஃபேமிகாம்' கருவிக்கு விலை மலிந்த நகல்கள். மஞ்சள் நிற கேசட்டின் மேல் லட்சக்கணக்கில் விளையாட்டு இருப்பதாகப் போட்டிருக்கும். உள்ளே பத்துப் பன்னிரண்டுதான் திரும்பத் திரும்ப வரும். அதில் மாரியோ நிச்சயம் இருப்பான்.

எங்களில் நன்றாக ஆடியவன் தறிக்குப் போய்க்கொண்டிருந்த என் சேக்காளி. அவன் பெயர் இங்கே வேண்டாம். கோர்வைப் புடவைக்கு உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். ஒரு பக்கம் நெய்பவர் குழிக்குள் காலிறக்கி மிதித்துக்கொண்டு நாடா விடுவார். எதிர்க்கரைக்கு நாடா தள்ள இன்னொரு கை வேண்டும். அந்தக் கை பெரும்பாலும் பிள்ளைகளின் கையாக இருந்தது. என் சேக்காளியின் கை அப்படிப்பட்ட கை. தறிக்கு லீவு விட்ட நாள்களில் மட்டும் வருவான். பள்ளிக்கூடம் போன நாங்கள் மூன்றாம் உலகத்தில் தடவிக்கொண்டிருந்தபோது அவன் ஆறாவதில் இருந்தான்.

அவன் கையில் என்ன இருந்தது என்று இப்போது யோசிக்கிறேன். மாரியோவின் தாவல் ஒரே அளவு தாவல் அல்ல. பொத்தானைத் தட்டினால் சின்னதாகத் தாவுவான், அழுத்திப் பிடித்தால் உயரப் போவான். ஓடிவந்து தாவினால் இன்னும் அதிகம். காற்றில் இருக்கும்போதும் கொஞ்சம் முன்னே பின்னே திருப்பலாம். இதே மியமோட்டோ 1981இல் செய்த 'டாங்கி காங்'கில் இந்தச் சலுகை கிடையாது. தாவிவிட்டால் தாவியதுதான், கை விட்ட கல் மாதிரி. நான்கு ஆண்டுகளில் தாவலுக்குள்ளே பேச்சுவார்த்தைக்கு இடம் வந்துவிட்டது. எவ்வளவு நேரம் அழுத்துவது என்பது கண் கணக்கு அல்ல, கைக் கணக்கு. சேக்காளிக்கு அது ஏற்கெனவே பழகிய கணக்கு.

அடுத்தது, விளையாட்டு தன்னைக் கற்பிக்கும் விதம். முதல் கட்டத்தின் தொடக்கத்திலேயே ஒரு காளான் பூதம் மெதுவாக நடந்து வரும். சும்மா நின்றால் சாவு. ஆனால் இழப்பு மூன்று நான்கு நொடி ஆட்டம்தான். இரண்டாம் முறை தாவுவீர்கள். பிறகு பெட்டியிலிருந்து ஒரு காளான் வெளியே வரும். அதற்குப் பயந்து ஓடக்கூடாது என்பதால், அது குழாயில் முட்டி உங்களை நோக்கியே திரும்பும். மேலே செங்கல் இருப்பதால் தாவித் தப்புவதும் கஷ்டம். தொட்டதும் மாரியோ பெரிதாகிறான். நல்லது எது, கெட்டது எது என்று ஒரு சொல்கூட இல்லாமல் தெரிந்துபோகிறது. அதே கட்டத்தில் பின்னால் இரண்டு ஜோடிப் படிக்கட்டுகள் வரும். முதல் ஜோடிக்கு நடுவே தரை இருக்கும், விழுந்தாலும் ஏறிக்கொள்ளலாம். இரண்டாவதற்கு நடுவே பள்ளம். முன்னதில் பழகிய காலுக்குத்தான் பின்னதில் சோதனை. எழுத்து தெரியாத பிள்ளையும் படித்துவிடக்கூடிய பிரதி இது. எங்கள் பள்ளிக்கூடங்களில் இப்படி ஒரு பாடநூல் எனக்கு வாய்த்ததில்லை.

3

இந்த விளையாட்டில் விழாமல் இருக்க முடியாது. ஆகவே இன்பம் என்பது விழாமல் இருப்பதில் இல்லை. எப்படி விழுகிறோம் என்பதில் இருக்கிறது. விழுந்தவன் வாயிலிருந்து வரும் முதல் சொல்லைக் கவனித்தால் போதும். எம்.ஏ. தமிழ் படித்தவனின் பழக்கதோஷம், எனக்கு விகுதிதான் முதலில் காதில் விழும்.

ஒரு விழுதலுக்குப் பின் "சே, விட்டுட்டேன்" என்கிறோம். தன்மை ஒருமை, ஏன் விகுதி. இன்னொரு விழுதலுக்குப் பின் "ஏமாத்திட்டான்" என்கிறோம். படர்க்கை, ஆன் விகுதி. யார் அந்த 'அவன்'? திரையில் அப்படி யாரும் இல்லை. எங்கோ உட்கார்ந்து கட்டத்தை அமைத்தவன். விளையாட்டு சரியாக நடக்கும்வரை அவன் கண்ணுக்குத் தெரிவதில்லை. அநியாயம் நடந்த கணத்தில்தான் ஆசிரியன் வெளியே வருகிறான். ஆசிரியன் இறந்துவிட்டான் என்று எழுதிய பார்த் வீடியோ கேம் ஆடியிருந்தால், தப்பான ஒரு பள்ளத்தில் அவன் உயிரோடு எழுந்துவருவதைப் பார்த்திருப்பார்.

உதாரணம் 1986இல் ஜப்பானில் வந்த இரண்டாம் பாகம். முதல் பாகம் நம் கைக்குக் கற்றுக்கொடுத்ததையெல்லாம் அது நமக்கு எதிராகத் திருப்பியது. காளான் நல்லது என்றோமே, இதில் முதல் கட்டத்திலேயே விஷக்காளான். தாவலின் நீளம் பழகிவிட்டதா, நடுவில் காற்று வீசும். முதல் பாகத்தில் குறுக்குவழிக் குழாய் முன்னே கொண்டுபோகும். இதில் மூன்றாம் உலகத்தில் கண்டுபிடிக்கும் ஒரு குறுக்குவழி முதல் உலகத்துக்கே திருப்பி அனுப்பும். அமெரிக்காவுக்கு இது வேண்டாம் என்று நிண்டெண்டோவே முடிவு செய்தது. அங்கே 1988இல் இரண்டாம் பாகம் என்ற பெயரில் வேறொரு விளையாட்டை மாற்றி விற்றார்கள். மூலம் 1993இல்தான் 'தொலைந்த கட்டங்கள்' என்ற பெயரில் அங்கு போனது. அதை ரசிப்பவர்களும் உண்டு. அவர்கள் ரசிப்பது தாவலை அல்ல, ஆசிரியனோடு போடும் மல்லுக்கட்டை. அது வேறு ருசி.

கஷ்டம் வேறு, அநியாயம் வேறு. இதைப் பிரித்துப் பார்க்க எங்கள் கடைக் கருவியே போதும். ஜப்பானில் தொலைக்காட்சிக்கு நொடிக்கு 60 முறை திரை புதுப்பிக்கப்படும். இந்தியாவின் பால் முறையில் 50. அதற்காகச் செய்த நகல் கருவிகளில் இந்த விளையாட்டு ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடும். எங்கள் மாரியோ அசலைவிடச் சோம்பேறியாகத்தான் இருந்திருக்க வேண்டும். எங்களுக்கு அது ஒரு குறையே இல்லை. ஏனென்றால் சட்டம் மெதுவாக இருந்தாலும் ஒரே சட்டமாக இருந்தது. பொத்தானுக்கு அடியில் இருக்கும் ரப்பர் தேய்ந்து, பத்து முறை அழுத்தினால் ஒரு முறை அமுங்காமல் போகும்போதுதான் சண்டை வந்தது. "நான் அமுக்கினேன்டா!" இந்த வாக்கியத்தில் தன்மை இருக்கிறது, ஆனால் அது வாக்குமூலம் அல்ல, முறையீடு.

நேர்மை என்பதை இயந்திரத்தனமான துல்லியம் என்றும் எடுத்துக்கொள்ளக்கூடாது. கனடாவில் உருவாகி 2018இல் வந்த 'செலஸ்ட்' என்ற விளையாட்டில் ஒரு பெண் மலை ஏறுகிறாள். விளிம்பைத் தாண்டிக் கால் வெளியே போன பிறகும் நொடியின் ஒரு சிறு பகுதி வரை அவளால் தாவ முடியும். கார்ட்டூனில் பள்ளத்துக்கு மேல் அந்தரத்தில் ஓடி, கீழே பார்த்த பிறகே விழும் ஓநாயின் பெயரால் இதைக் 'கொயோட்டி நேரம்' என்கிறார்கள். கணக்குப்படி அவள் விழுந்திருக்க வேண்டும். ஆனால் ஆடுபவரின் கை 'சரியான நேரத்தில் அழுத்தினேன்' என்று உணர்கிறது. அந்த உணர்வுக்கு விளையாட்டு விட்டுக்கொடுக்கிறது. உடலின் சாட்சியத்தை ஏற்கும் சட்டம் இது. நம் நீதிமன்றங்களுக்கும் சொல்லிக்கொடுக்கலாம்.

பழைய தமிழில் இதற்கு ஒரு சொல் இருக்கிறது. நேர்நின்று பட்ட காயம் விழுப்புண், பெருமைக்குரியது. முதுகில் பட்டது புறப்புண். வெண்ணிப் போரில் கரிகாலனோடு மோதிய சேரனுக்கு மார்பில் பாய்ந்த வேல் முதுகிலும் புண்ணாக்கியது. அவன் புறமுதுகு காட்டவில்லை. ஆனாலும் நாணி வடக்கிருந்தான் என்று புறநானூறு சொல்கிறது. தன் தவறில்லாத ஒரு விழுதலைத் தன் தவறாக ஏற்று உயிர்விட்ட ஒருவன். இந்தச் சேரனை நினைவில் வைத்துக்கொள்வோம், கடைசியில் தேவைப்படுவான்.

4

ஏறுவதும் விழுவதும் காஞ்சிபுரத்துக்குப் புதிதல்ல. வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிக்கப் பரமபதம் ஆடுவார்கள். எங்கள் வீட்டிலும் ஆடியிருக்கிறோம். கட்டம் கட்டமாக மேலே போகும் படம், உச்சியில் பரமபதம், நடுநடுவே ஏணி, அசுரர் பெயர் தாங்கிய பாம்புகள். கிட்டத்தட்ட உச்சிக்குப் போனவனை ஒரு பாம்பு அடிமட்டத்துக்கு இறக்கும்.

அப்போது என்ன சொல்வோம்? "பாம்பு கடிச்சிடுச்சு." அஃறிணைப் படர்க்கை. நானும் இல்லை, அவனும் இல்லை, அது. தாயக்கட்டை விழுந்தபடி விழுந்தது. பிரெஞ்சுக்காரரான ரொஜே கய்வா 1958இல் விளையாட்டுகளைப் போட்டி, தற்செயல், பாவனை, கிறக்கம் என்று நான்காகப் பிரித்தார். பரமபதம் தூய தற்செயல். ஆனால் அது தன்னைத் தற்செயல் என்று சொல்லிக்கொள்வதில்லை, வினைப்பயன் என்கிறது. ஏணி புண்ணியம், பாம்பு பாவம். உருட்டிய கைக்கு எந்தப் பங்கும் இல்லாத ஓர் இறக்கத்தை, உருட்டியவனின் முன்வினையாகப் படித்துக்காட்டும் கதையாடல் இது. சாதியச் சமூகத்தில் படிநிலை எப்படி நியாயப்படுத்தப்படுகிறது என்பதற்கு இதைவிடச் சுருக்கமான படம் கிடையாது.

ஆகவே பரமபதத்தில் யாரும் கெட்டிக்காரர் ஆக முடியாது. எண்பது வயதுப் பாட்டியும் எட்டு வயதுப் பேரனும் சமம், அது அதன் அழகு. ஆனால் நேற்று விழுந்ததிலிருந்து இன்றைக்கு எதையும் கற்றுக்கொள்ள முடியாது, அது அதன் கொடுமை. மாரியோவில் ஒரு பள்ளம் நேற்று இருந்த இடத்தில்தான் இன்றும் இருக்கும். அடுத்த வாரம் லீவு கிடைத்து வரும் பையனுக்காகவும் அது அங்கேயே காத்திருக்கும்.

5

சேக்காளியிடம் ஒருமுறை கேட்டேன், "எப்படிடா பயமில்லாம ஆடற?" அவன் சொன்னது இன்றுவரை காதில் இருக்கிறது: "இதுல செத்தா யாரும் அடிக்கமாட்டாங்கடா. மறுபடியும் மொதல்லேர்ந்து, அவ்ளோதான்."

தறியில் தவறு வேறு மாதிரி. நாடா ஒரு கணம் தவறினால் உடலும் கரையும் கோக்கும் இடத்தில் தெரியும். இழை அறுந்தால் வேலை நிற்கும். பையன் "விட்டுட்டேன்" என்று சொல்வதற்கு முன்பே "பையன் விட்டுட்டான்" என்று வேறு வாய் சொல்லியிருக்கும். தன் தவறைத் தானே சொல்லும் உரிமைகூட அவனுக்கு இல்லை. பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்காக அந்தக் கை அங்கே இருந்தது. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்தது 1976இல். 2003 ஜனவரியில் மனித உரிமைகள் கண்காணிப்பகம் இந்தியப் பட்டுத் தொழிலில் குழந்தைக் கொத்தடிமைகள் குறித்து வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரமும் இருந்தது. நாங்கள் மாரியோ ஆடிய காலம் அது. உடலின் அசைவை நொடிநொடியாகப் பிரித்துப் பழக்கும் அதிகாரத்தைப் பற்றி ஃபூக்கோ எழுதியதைப் பின்னால் படித்தபோது எனக்குத் திரையும் தறியும் சேர்ந்தே நினைவுக்கு வந்தன. இரண்டும் கையை நேரத்துக்குப் பழக்குகின்றன. ஒன்றில் பழகிய நேரம் ஆடுகிறவனுக்குச் சேர்கிறது, மற்றதில் முதலாளிக்கு.

இதை வைத்து அந்த முன்னறையை விடுதலைப் பிரதேசமாக்கிவிட வேண்டாம். அது ஒரு வியாபாரம். மணி முடிந்தால் நடுக் கட்டத்திலேயே பிளக்கைப் பிடுங்கிவிடுவார். உயிர்கள் தீர்ந்த பிறகு தொடக்கத் திரையில் ஒரு பொத்தானை அழுத்திப் பிடித்தபடி 'ஸ்டார்ட்' தட்டினால், விட்ட உலகத்திலிருந்தே தொடரலாம். இந்தச் சூட்சுமம் எங்கள் தெருவுக்கு வந்து சேரவே இல்லை. தெரியாததால் கொட்டிய ஐந்து ரூபாய்களுக்குக் கணக்கில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, அங்கே ஒரு பெண்பிள்ளைகூட வந்ததில்லை. நான் மாரியோ ஆடிய நேரத்தில் அக்கா வீட்டில் தார் சுற்றிக்கொண்டிருந்தாள். நியாயமான விழுதல் என்று நான் பேசுவது பையன்களுக்குக் கிடைத்த விழுதல். இளவரசியைப் பற்றித் தோழர் சொன்னதை இங்கே நான் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். பெண் கதைக்குள் சிறைப்பட்டிருந்தாள் என்பதோடு நின்றுவிட முடியாது. அறைக்குள்ளே அவள் வரவே இல்லை.

6

இப்போது எல்லோர் கையிலும் திரை இருக்கிறது. மாரியோவின் வம்சம் அதில் என்ன ஆயிற்று? 2011இல் 'டெம்பிள் ரன்', 2012இல் டென்மார்க்கிலிருந்து 'சப்வே சர்ஃபர்ஸ்'. நாயகன் தானாகவே ஓடுகிறான். நிறுத்த முடியாது. வேகம் கூடிக்கொண்டே போகும். முடிவு என்று ஒன்று இல்லை, விழுவது மட்டுமே முடிவு. 2016இல் கைபேசிக்கு வந்த மாரியோவும் தானே ஓட ஆரம்பித்தான். பழைய மாரியோவிலும் மேலே நேரம் குறைந்துகொண்டிருக்கும். ஆனால் விளிம்பில் நின்று பள்ளத்தைப் பார்க்கலாம், மூச்சு விடலாம், அளந்து தாவலாம். திரை நமக்காக நகர்ந்தது. இன்றைய ஓட்டத்தில் திரைக்காக நாம் நகர்கிறோம். தறியில்கூட மிதிக்கிற கால்தான் வேகத்தைத் தீர்மானித்தது. இது கன்வேயர் பெல்ட்.

சேக்காளி இப்போது ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் லைனில் நிற்கிறான். காஞ்சிபுரத்துத் தறி வீடுகளிலிருந்து அந்தப் பக்கம் போனவர்கள் எத்தனையோ பேர். கைபேசிகள் பொருத்தப்படுவதும் அந்த வட்டாரத்தில்தான். லைனின் வேகத்தையும் விளையாட்டின் வேகத்தையும் ஒரே மாதிரி மூளைகள் வகுக்கின்றன என்று சொன்னால் மிகைப்படுத்துகிறேன் என்பார்கள். ஒன்றை மட்டும் கவனியுங்கள். 'சப்வே சர்ஃபர்ஸ்'இல் விழுந்ததும் ஒரு கேள்வி வரும். சேர்த்த சாவிகளைச் செலவழித்தோ விளம்பரம் பார்த்தோ விழுந்த இடத்திலிருந்தே தொடரலாம். எங்கள் கடைக்காரர் நேரத்தை விற்றார். இவர்கள் விழுதலையே விற்கிறார்கள். விழுதலில் லாபம் இருந்தால், விழ வைப்பதிலும் லாபம் உண்டு.

இங்கே என் இலக்கணத்துக்கு ஒரு திருத்தம் தேவைப்படுகிறது. முடிவற்ற ஓட்டத்தில் விழுந்தவரும் "விட்டுட்டேன்" என்றுதான் சொல்கிறார். 'ஏமாத்திட்டான்' என்று யாரும் சொல்வதில்லை. தன்மை விகுதியே ஏமாற்றப்படக்கூடியது என்பது எனக்கு இங்கேதான் பிடிபட்டது. தேர்வில் தோற்ற பிள்ளை "நான் தோத்துட்டேன்" என்கிறது. கடனில் மூழ்கிய நெசவாளி "நான் தப்புப் பண்ணிட்டேன்" என்கிறார். இன்றைய அதிகாரம் 'அவன்' என்று சுட்டும்படி எதிரே வந்து நிற்பதில்லை. பழைய பரமபதம்போல 'அது' என்று விதியின் மேல் போடவும் விடுவதில்லை. எல்லாப் பாம்பையும் நம் வாயாலேயே 'நான்' என்று சொல்ல வைக்கிறது. வெண்ணிச் சேரன் தன் முதுகுப் புண்ணுக்கு நாணிய நாணம் இது.

அதனால் 'விட்டுட்டேன்' என்று சொல்வதற்கு முன் கேட்க வேண்டியவை சில. பள்ளம் கண்ணுக்குத் தெரிந்ததா? நேற்றைய சட்டம்தான் இன்றும் இருந்ததா? என் கை அழுத்தியதை அது ஏற்றுக்கொண்டதா? நின்று பார்க்க முடிந்ததா? திரும்ப ஆட எனக்கு என்ன விலை? நான் விழுந்ததில் யாருக்காவது வரும்படி உண்டா? நல்ல பிளாட்ஃபார்ம் விளையாட்டு இவற்றுக்கெல்லாம் நேர்மையாகப் பதில் சொல்லும். அதன் இன்பம் இந்த நேர்மைதான். ஒரு தறிக்கூடத்தையோ தேர்வையோ தொழிற்சாலை லைனையோ நோக்கி இதே கேள்விகளைக் கேட்க ஒரு பிள்ளை அங்கே பழகிக்கொள்ளுமானால், தோழரே, ஆராய அதில் ஏதோ இருக்கிறது.

போன பொங்கலுக்கு சேக்காளி வந்திருந்தான். அவன் மகள் அவனுடைய போனில் ஓடும் விளையாட்டு ஒன்றை ஆடிக்கொண்டிருந்தாள். "நீ ஆடறதில்லையா?" என்றேன்.

"ஆடிப் பார்த்தேன். நிக்க விடமாட்டேங்குதுடா" என்றான்.